முதுகுப் பையோடு கைத்துப்பாக்கி: மொன்டானா மலையில் பட்ட பாடு

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், போஸ்மன் ஊருக்குத் தெற்கே கேலட்டின் மலைத்தொடர் இருக்கிறது. அங்கே பையைத் தூக்கிக்கொண்டு தனியாக எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போனதில், கைத்துப்பாக்கியை உடம்பில் எங்கே மாட்டுவது என்ற ஒரே கேள்விக்கு விடை தேடி ஒரு வேட்டைப் பருவத்தின் பெரும்பகுதியைத் தொலைத்தேன். உறைகளுக்கும் பட்டைகளுக்கும் மட்டும் நானூறு டாலருக்கு மேல் போனது. ஒரு முழு மானின் இறைச்சியும் போனது. மொன்டானா, வயோமிங், ஐடஹோ பக்கம் குடிவந்து வேட்டையில் ஆர்வம் கொண்ட தமிழ்க் குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே சில உண்டு. என் கணவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்த வருடம் நான் தனியாகப் போகத் தொடங்கினேன். அப்போது இதையெல்லாம் ஒருவர் உட்கார்த்திவைத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

கையில் ரைஃபிள் இருக்கும்போது கைத்துப்பாக்கி எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மலையில் ரைஃபிள் கையில் இல்லாத நேரம் நிறைய. மானை அறுக்கும்போது அது ஏதாவது ஒரு மரத்தில் சாய்ந்திருக்கும். இறைச்சி சுமந்து இறங்கும்போது பையின் பக்கவாட்டில் கட்டியிருக்கும், அதை உருவி எடுக்க ஒரு நிமிடமாவது ஆகும். வில் வேட்டைக்குப் போகிறவர்களிடம் ரைஃபிளே கிடையாது. இந்தப் பக்கத்து மலைகளில் கிரிஸ்லி கரடிகள் நடமாடுகின்றன. மொன்டானாவில் ரைஃபிள் பருவம் அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசி வாரம் வரை போகும். குளிர்காலத்துக்குக் குகைக்குள் போகும் முன் கரடிகள் வெறிகொண்டு தின்னும் காலமும் அதுதான். அறுத்துப் போட்ட குடலின் வாடை காற்றில் வெகுதூரம் போகும். கிரிஸ்லி மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. 30 மீட்டர் தள்ளி நிற்கும் கரடி உங்களிடம் வந்து சேர இரண்டு விநாடி போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கைத்துப்பாக்கிக்கு முன்னால் வாங்க வேண்டியது கரடி ஸ்பிரே, அதாவது கரடி மேல் மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் டப்பா. அலாஸ்காவில் நடந்த சம்பவங்களை வைத்து 2008இல் வெளியான ஆய்வில், பழுப்புக் கரடிகள் (கிரிஸ்லியும் இந்த இனம்தான்) மேல் அடித்தபோது சுமார் 92 சதவீதம் முறை அவற்றின் போக்கைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. பதற்றத்தில் நடுங்கும் கையால் ஓடிவரும் கரடியின் தலைக்குக் குறிவைத்துச் சுடுவது எவ்வளவு கடினம் என்பது சுட்டுப் பழகிய யாருக்கும் தெரியும். ஸ்பிரே என்பது முன்னால் ஒரு மேகத்தை எழுப்புவது, அவ்வளவு குறி தேவையில்லை. பலத்த எதிர்க்காற்று அடித்தாலோ டப்பா தீர்ந்துபோனாலோ அதற்கு அடுத்தது கைத்துப்பாக்கி. இந்த வரிசை என் மனதில் மாறியதே இல்லை.

சரி, இடுப்புக்கு வருகிறேன். நான் வாங்கியது 10 மில்லிமீட்டர் குண்டு போடும் கிளாக் 20. தோட்டாக்கள் நிரம்பினால் ஒரு கிலோவைத் தாண்டும். கடையில் என்ன துப்பாக்கி, இடக்கையா வலக்கையா என்றெல்லாம் கேட்டார்கள். என்ன பை சுமக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெல்ட்டில் மாட்டும் உறை ஒன்றைக் கொடுத்தார்கள். சுடும் பயிற்சிக் களத்தில் அது அருமையாக இருந்தது. பையைத் தூக்கிய பிறகுதான் விஷயமே புரிந்தது. மலையேறும் பையின் பாரத்தில் பெரும்பங்கை இடுப்புப் பட்டைதான் தாங்க வேண்டும். அந்தப் பட்டை உட்கார வேண்டிய இடம் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. துப்பாக்கி உறை உட்காரும் இடமும் அதேதான். இருபது கிலோ பாரம் அந்தப் பட்டை வழியாக ஒரு இரும்புத் துண்டை எலும்பின் மேல் அழுத்தினால் என்ன ஆகும்? முதல் நாள் சாயங்காலம் கூடாரத்தில் பார்த்தபோது வலது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கன்றிப்போயிருந்தது. மறுநாள் தொடையின் வெளிப்பக்கம் மரத்துவிட்டது. கிள்ளினால் தெரியவில்லை, ஆனால் கால்சட்டை உரசினால் எரிந்தது. ஊருக்குத் திரும்பி டாக்டரிடம் போனேன். இடுப்பு வழியாகத் தொடைக்கு இறங்கும் ஒரு தோல் நரம்பு அழுத்தத்தில் நசுங்கியிருக்கிறது என்றும், இறுக்கமான பெல்ட் கட்டுகிறவர்களுக்கு வருவதுதான் என்றும் சொன்னார். முழுதாகச் சரியாக வாரக்கணக்கில் ஆனது.

இதிலிருந்து தப்பிக்க எல்லோரும் செய்வதை நானும் செய்து பார்த்தேன். பட்டையை உறைக்கு மேலே ஏற்றிக் கட்டினால் பாரம் தோளுக்குப் போகிறது, மதியத்துக்குள் கழுத்து பிடித்துக்கொள்கிறது. உறையைத் தொடைக்கு இறக்கிக் கட்டும் வகை ஒன்று இருக்கிறது. ஏற்றத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிலோவைத் தொடையால் தூக்க வேண்டும். இங்குள்ள லாட்ஜ்போல் பைன் காடுகளில் விழுந்த மரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். அவற்றைக் காலைத் தூக்கித் தாண்டும்போதெல்லாம் உறை ஏதாவது ஒரு கிளையில் மாட்டும். சமதரையில் நடப்பவர்களுக்கும் குதிரையில் போகிறவர்களுக்கும் அது சரிப்படலாம், பை சுமந்து ஏறுகிறவர்களுக்கு வேண்டாம் என்பேன்.

அப்புறம் ஒரு வழி கிடைத்தது, அதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. பையின் இடுப்புப் பட்டையிலேயே உறையை மாட்டிவிடுவது. எலும்பில் அழுத்தாது, கைக்கு வாகாக இருக்கும், நடக்கும்போது துப்பாக்கி இருப்பதே தெரியாது. இவ்வளவு சுகமாக இருக்கிறதே என்று சந்தோஷமாகவே அந்த வருடம் மலைக்குப் போனேன். காலையில் ஒரு பெண் எல்க் கிடைத்தது. சரிவில் பனி லேசாகப் படிந்திருந்தது, ஆனால் தரை ஈரம். பையைக் கழற்றி மேலே ஃபர் மரத்தடியில் சாய்த்தேன், ரைஃபிளையும் அங்கேயே வைத்தேன். அது பத்துப் பதினைந்து அடி தூரம்கூட இருக்காது. கைகளில் கையுறை மாட்டிக்கொண்டு அறுக்க உட்கார்ந்தேன். பின்தொடை ஒன்றைப் பிரித்து எடுத்து வெள்ளைத் துணிப் பையில் போட்டு முடிச்சுப் போடும்போது, மேலே கிளை முறியும் சத்தம். நிமிர்ந்தால் பை இருந்த மரத்துக்கு இன்னும் மேலே, ஐம்பது அறுபது மீட்டரில், தோளில் திமிலும் குழிந்த முகமுமாகக் கிரிஸ்லி. பின்னங்காலில் எழுந்து நின்று மூக்கைத் தூக்கியது. கைத்துப்பாக்கி பையில், பை மரத்தடியில், மரம் கரடிக்கும் எனக்கும் நடுவில்.

என் கால்சட்டை பெல்ட்டில் இடது பக்கம் ஸ்பிரே இருந்தது. இரத்தமும் கொழுப்பும் அப்பிய கையுறை வழுக்கியதால் அதன் பாதுகாப்புக் கொக்கி வரவில்லை. பல்லால் கையுறையைப் பிடித்து இழுத்துக் கழற்றிவிட்டு, கட்டைவிரலால் கொக்கியைத் தள்ளினேன். தாழ்ந்த குரலில் தமிழில்தான் பேசினேன். "போ சாமி, இங்கே வராதே, நான் போறேன்" என்று சொல்லிக்கொண்டே கரடிக்கு முதுகைக் காட்டாமல் கீழ்நோக்கிப் பின்வாங்கினேன். அது நான்கு காலில் இறங்கி, என்னை ஏறிட்டுப் பார்க்காமல் நேராகக் குடல் கிடந்த இடத்துக்குப் போனது. என் அதிர்ஷ்டம் அதற்குப் பசிதான் பெரிதாக இருந்தது. முழங்கால் நடுக்கம் கார் நிறுத்தியிருந்த இடம் வரை நிற்கவில்லை. மாநில வனவிலங்குத் துறைக்குத் தகவல் சொன்னபோது, திரும்ப அந்தப் பக்கமே போகாதே என்றார்கள். கரடி மிச்சத்தை மண்ணும் சருகும் தள்ளி மூடிவிட்டு அருகிலேயே படுத்துக் காவல் காக்கும். சில நாள் கழித்து நண்பர்கள் கூட வர, தூரத்திலிருந்து பைனாகுலரில் நெடுநேரம் பார்த்து உறுதி செய்துகொண்டு, பையையும் துப்பாக்கிகளையும் எடுத்து வந்தோம். பையின் தோள்பட்டை கிழிந்து தொங்கியது. இறைச்சி ஒரு துண்டு மிஞ்சவில்லை. வருடம் முழுக்க வீட்டுக்கு ஆகும் என்று நினைத்த இறைச்சி அது. அந்தத் துக்கத்தைவிட, இரண்டு துப்பாக்கிகளைக் காட்டில் விட்டுவிட்டு வந்தேனே, வேறு யார் கையிலாவது கிடைத்தால் என்ன ஆவது என்ற பயம்தான் அந்த நாள்களில் தூங்கவிடவில்லை.

பிறகுதான் 2018 செப்டம்பரில் வயோமிங்கின் டீட்டன் வில்டர்னஸ் பகுதியில் நடந்ததைப் படித்தேன். முந்தைய நாள் அம்பு பட்ட எல்க்கை அறுத்துக்கொண்டிருந்த வேட்டை வழிகாட்டி ஒருவரைக் கிரிஸ்லி கொன்றுவிட்டது. அவருடைய கைத்துப்பாக்கி அவர் உடம்பில் இல்லை, கழற்றி வைத்த பைகளோடு தள்ளி இருந்தது. கூட இருந்தவர் ஓடிப்போய் அதை எடுத்தும் அவரால் சுட முடியவில்லை. அனுபவம் உள்ள ஒரு வழிகாட்டிக்கே இப்படி. பையில் மாட்டிய துப்பாக்கி நடக்கும்போது மட்டும்தான் உங்களுடையது. கரடி வர அதிக வாய்ப்புள்ள நேரமோ நீங்கள் பையைக் கழற்றிவிட்டு இறைச்சியின் மேல் குனிந்திருக்கும் நேரம், தண்ணீர் பிடிக்கும் நேரம், கூடாரத்திலிருந்து ஒதுங்கப் போகும் நேரம். வசதி என்று நான் சொல்வது சுகத்துக்காக இல்லை. வலித்தால் எப்படியும் கழற்றி வைப்பீர்கள். கழற்றத் தோன்றாத இடத்தில் அது இருக்க வேண்டும்.

அந்த இடம் நெஞ்சுதான். ஆனால் நெஞ்சுறை என்று கடையில் தொங்கும் எல்லாமே உதவாது. நான் முதலில் வாங்கியது மலிவான நைலான் துணி உறை. வியர்வையில் ஊறித் தொய்ந்து வயிற்றுக்கு இறங்கியது. அதன் தடித்த பிளாஸ்டிக் பூட்டு சரியாகப் பையின் தோள்பட்டைக்கு அடியில் வந்து காறை எலும்பைத் தேய்த்தது. இப்போது வைத்திருப்பது கைடெக்ஸ் என்ற கடினமான பிளாஸ்டிக்கில் அந்தத் துப்பாக்கிக்கென்றே வார்த்த உறை, தட்டையான பட்டைகள், பூட்டெல்லாம் விலாப்பக்கம். விலை அதிகம்தான், நூற்றைம்பதிலிருந்து இருநூறு டாலர் வரை ஆகும். தோல் உறை அழகு, சத்தம் போடாது, ஆனால் நனைந்தால் காய நாள் பிடிக்கும், அந்த ஈரம் துப்பாக்கியைத் துருவேற்றும். கைடெக்ஸில் கிளை உரசினால் 'சர்க்' என்று சத்தம் கேட்கும். வெளிப்பக்கம் துணி டேப் ஒட்டினால் பாதி குறையும். எதை வாங்கினாலும் விசையைச் சுற்றியுள்ள வளையம் முழுவதும் கடினமான பொருளால் மூடியிருக்க வேண்டும். கிளாக் போன்றவற்றில் விசையைத் தடுக்கத் தனியாக ஒரு பாதுகாப்புப் பூட்டு கிடையாது, விசையில் ஒரு குச்சி பட்டாலும் ஆபத்து. இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

வேட்டைக்காரருக்கு நெஞ்சில் வேறொரு குடித்தனமும் உண்டு: பைனாகுலர். அதன் பை நெஞ்சின் நடுவில் இருக்கும், பையின் மார்புப் பட்டை அதற்கு மேலே போகும். துப்பாக்கிக்கு மிச்சமிருப்பது பைனாகுலருக்குக் கீழே, விலா முடியும் இடம். சில பைனாகுலர் பைகளுக்கு அடியிலேயே உறையை மாட்டும் வகை கிடைக்கிறது. தனித்தனியாக இரண்டு பட்டைகளைத் தோளில் போடுவதைவிட அது எனக்கு ஒத்துவந்தது. பெண்களுக்கு இன்னொன்று: விளம்பரப் படங்களில் ஆண்கள் மாட்டியிருக்கும் உயரத்தில் மாட்டினால் நமக்குப் பட்டை மார்பில் அறுக்கும், உறையும் சாய்ந்து நிற்கும். மார்புக்குக் கீழே, மேல்வயிற்றில் படுக்கும்படி பட்டையை நீட்டிக்கொள்ளுங்கள். இப்படி இறக்கியதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. மேலே இருந்தபோது ரைஃபிள் கட்டையைத் தோளில் பதித்தால் கைத்துப்பாக்கியின் பிடி வந்து இடிக்கும், இறக்கியபின் இடிப்பதில்லை. உட்கார்ந்து, மண்டியிட்டு, படுத்து என்று ஒவ்வொரு நிலையிலும் ரைஃபிளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பட்டையின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். குளிருக்குத் தடித்த ஜாக்கெட் போட்டால் அளவு மாறும். ஜாக்கெட்டை உறைக்கு மேல் போட்டு மூடினால் துப்பாக்கி இருந்தும் இல்லாததுதான். ஜாக்கெட்டுக்கு மேல் வரும் அளவுக்குப் பட்டையில் நீளம் மிச்சம் வையுங்கள். மொன்டானாவில் ரைஃபிள் பருவத்தில் இடுப்புக்கு மேலே 400 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும் என்பது சட்டம். இத்தனை பட்டைகளும் பையும் சேர்ந்து ஆரஞ்சு அங்கியை எவ்வளவு மறைக்கின்றன என்று கண்ணாடியில் பாருங்கள். நான் தொப்பியும் ஆரஞ்சாகப் போட்டுக்கொள்கிறேன்.

வாங்கியவுடன் மலைக்குப் போகாதீர்கள். நான் பைக்குள் இருபது பவுண்டு பொன்னி அரிசி மூட்டையையும் தண்ணீர்க் கேன்களையும் போட்டு, உறையில் துப்பாக்கிக்குப் பதில் அதே வடிவத்தில் பயிற்சிக்கென்று விற்கும் நீலப் பிளாஸ்டிக் மாதிரியை வைத்து, அதன்மேல் ஒரு ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு ஊர் ஓரத்தில், சரிவில் பெரிய 'எம்' எழுத்து பதித்த மலைப்பாதையில் ஏறி இறங்கினேன். எங்கே தேய்க்கிறது என்பது அரை மணியில் தெரிவதில்லை, இரண்டு மணி நேரமாவது நடக்க வேண்டும். வீட்டில் ஷூ நாடா கட்டக் குனிந்து, சாப்பாட்டு மேசைக்கு அடியில் தவழ்ந்து, உறை பிடியை விடுகிறதா என்று பார்த்தேன். என் கணவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "பையைக் கழற்று" என்பார். துப்பாக்கியைத் தொடாமல் பை மட்டும் கழன்று வர வேண்டும். பட்டை எதிலாவது சிக்கினால் மறுபடி மாற்றிக் கட்டு. இந்த ஒரு சோதனையில் தேறாத ஏற்பாடு எதுவும் வேண்டாம்.

நெஞ்சுறையில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. வலக்கைக்காரர்களுக்குக் குழல் இடது பக்கமாகக் கீழே சாய்ந்திருக்கும். உருவும்போது இடது கை குறுக்கே வந்தால் உங்கள் கைமேலேயே குறி போகும். இடது உள்ளங்கையை முதலில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, துப்பாக்கி முன்னால் நீண்ட பிறகு சேர்த்துப் பிடிக்கப் பழக வேண்டும். தோட்டா இல்லாமல், தோட்டாவே இல்லாத அறையில், கையுறையோடும் கையுறை இல்லாமலும் நிதானமாகப் பழகுங்கள். தெரிந்த பயிற்சியாளர் ஒருவரிடம் ஒரு நாள் போனது உறைக்குக் கொடுத்த காசைவிட உபயோகமாக இருந்தது. கரடிக்கென்று விற்கும் கடினமான ஈயக் குண்டுகளை உங்கள் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்து, சிக்காமல் ஓடுகிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே எடுத்துப் போங்கள்.

கூடாரத்தில் நான் துப்பாக்கியை உறையோடு தலைமாட்டில் வலப்பக்கம் வைக்கிறேன், பக்கத்தில் டார்ச், ஸ்பிரே. இடம் ஒருநாளும் மாறாது. குளிர்ந்த துப்பாக்கியைச் சூடான இடத்துக்குக் கொண்டுவந்தால் இரும்பில் நீர்த்துளி பூக்கும், மறுபடி வெளியே போனால் அது உறைந்துவிடும். காலையில் ஒரு துணியால் துடைத்து, உறைக்குள் பனிக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

சட்ட விஷயம் நம்மவர்களுக்கு முக்கியம். கிரீன் கார்டு இருப்பவர்கள் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. விசாவே போய்விடக்கூடிய சமாச்சாரம் என்பதால் வக்கீலிடம் கேட்காமல் நண்பரின் துப்பாக்கியைக்கூடத் தொடாதீர்கள். 1985 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்தவர்கள் மொன்டானாவில் வேட்டை லைசென்ஸ் எடுக்கப் பொதுவாக வேட்டைக் கல்வி வகுப்பு முடித்திருக்க வேண்டும். கிரிஸ்லி 1975 முதல் பாதுகாக்கப்பட்ட விலங்கு. உயிரைக் காத்துக்கொள்ளச் சுடலாமே தவிர, இறைச்சியைக் காப்பாற்றச் சுடக்கூடாது, சுட்டால் உடனே தகவல் சொல்லியாக வேண்டும். யெல்லோஸ்டோன் போன்ற தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி முதல் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் யெல்லோஸ்டோனில் வேட்டை கிடையாது, பார்வையாளர் மையம் மாதிரியான அரசுக் கட்டடங்களுக்குள் கொண்டுபோகவும் கூடாது.

விமானத்தில் வருகிறவர்கள் துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, கவுன்டரிலேயே சொல்லி லக்கேஜில் போட வேண்டும். கரடி ஸ்பிரே கைப்பையிலும் போகாது, லக்கேஜிலும் போகாது. இறங்கிய ஊரில் நாற்பது ஐம்பது டாலருக்கு வாங்கிக்கொள்ளுங்கள், டப்பாவில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். கிளேசியர் பூங்காவுக்குப் போய்விட்டு அப்படியே எல்லை தாண்டிக் கனடாவின் வாட்டர்டன் பூங்காவையும் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள், கைத்துப்பாக்கியைக் கனடாவுக்குள் எடுத்துப்போக முடியாது என்பதால், அதைப் பத்திரமாகப் பூட்டி வைக்க அமெரிக்கப் பக்கத்திலேயே ஓர் இடத்தை முன்கூட்டி ஏற்பாடு செய்துகொண்டு கிளம்புங்கள்.